விதைக்காதவர்கள் சும்மா இருந்தவர்கள் அல்லர்

ஞாயிற்றுக்கிழமை ஸூம் உரையைக் கேட்டவர்களுக்கு நான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று தெரியும். கலிபோர்னியக் கடற்கரைப் பழங்குடிகளான சூமாஷ் மக்கள் விவசாயம் அறியாதவர்களாம், கிடைத்ததைத் தின்று பொழுதைக் கழித்தவர்களாம், ஸ்பானியர் வந்துதான் உழைக்கக் கற்றுக்கொடுத்தார்களாம். அதற்குக் கைதட்டல் வேறு.

அவர்கள் வயல் உழவில்லை, உண்மை. ஆனால் ஓக் கொட்டையை அப்படியே வாயில் போட்டுப் பாருங்கள், கசப்பில் துப்பிவிடுவீர்கள். அதைப் பொறுக்கி, காயவைத்து, ஓடு நீக்கி, கல்லுரலில் இடித்து, மாவின் மேல் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றிக் கசப்பை இறக்கிய பிறகுதான் கூழ் காய்ச்ச முடியும். அந்தப் பெண்கள் அன்றாடம் செய்த வேலை இது. இதையா பொழுதைக் கழிப்பது என்கிறீர்கள்?

அவர்களுடைய தோமோல் படகை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய ரெட்வுட் மரம் அந்தப் பக்கம் வளர்வதில்லை. வடக்கிலிருந்து கடலில் மிதந்து வந்து ஒதுங்கிய மரத்தைப் பிளந்து பலகையாக்கி, சுறாத்தோலால் தேய்த்து, துளையிட்டு, நாரால் தைத்தார்கள். கரையில் கசியும் தாரோடு பைன் பிசினைக் காய்ச்சி இடுக்குகளை அடைத்தார்கள். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. அதில்தான் சாந்தா பார்பரா சானல் என்ற கடல் இடைவெளியைக் கடந்து தீவுகளுக்குப் போய் வந்தார்கள். 1769-இல் ஸ்பானியத் தளபதி போர்த்தோலாவின் படைவீரர்கள் ஒரு கிராமத்தில் படகு கட்டுவதைப் பார்த்துவிட்டு அந்த இடத்துக்கே 'தச்சுப்பட்டறை' என்று பெயர் வைத்தார்கள். இன்றைய கார்ப்பின்டீரியா அதுதான். கண்ணால் பார்த்த படைவீரனுக்குப் புரிந்தது நமக்குப் புரியவில்லை.

காசும் இருந்தது. சாந்தா குரூஸ் தீவில், அவர்கள் சொல்லும் லிமுவில், ஒலிவெல்லா சிப்பியை உடைத்து, நுண்ணிய கல் ஊசியால் துளைத்து மணி செய்தார்கள். கையைச் சுற்றி அளந்து அந்தச் சரத்துக்கு மதிப்புப் போட்டார்கள். தீவில் ஓக் கொட்டை போதாது, கரையில் மணி செய்வதில்லை. அதனால் படகுகள் ஓயாமல் போய் வந்தன. விதைக்காதவர்கள் சும்மா இருந்தவர்கள் அல்லர். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"நீங்கள் அவர்களைத் தேவர்களாக்குகிறீர்கள்" என்று யாராவது எழுதுவார்கள். இல்லை. ஊர்களுக்குள் சண்டை இருந்தது, பணக்காரன் ஏழை இருந்தது, 'வோட்' என்ற தலைமைப் பதவி குடும்பத்துக்குள்ளேயே போனது. பெண்களும் வோட் ஆனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சரி, அடுத்து "மிஷன் வந்ததால் சோறு கிடைத்தது" என்பார்கள். மிஷன் என்றால் பழங்குடிகளை மதம் மாற்றிக் குடியமர்த்த ஸ்பானியப் பாதிரியார்கள் நடத்திய குடியிருப்பு. இதற்குத்தான் எனக்குப் பொறுமை இல்லை.

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கும்போது மிஷன் மாடல் செய்யச் சொன்னார்கள். கலிபோர்னியாவில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது தெரியும். அட்டையில் மணிக்கூண்டு, தோட்டம், வளைவுகள் எல்லாம் செய்தோம். "இங்கே இருந்தவர்கள் எங்கே தூங்கினார்கள்?" என்று அவள் கேட்டாள். கொடுத்த தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. ஞானஸ்நானம் வாங்கியவர் மிஷனை விட்டுப் போனால் சிப்பாய்கள் தேடிப் பிடித்து வந்தார்கள், சவுக்கடி கொடுத்தார்கள் என்று ஒன்பது வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? 1806-இல் தட்டம்மை கொத்துக்கொத்தாகக் கொன்றதை எந்த அட்டையில் ஒட்டுவது?

புல்வெளிகளைத் திட்டமிட்டு எரித்து மறுபடி விதை தழைக்க வைத்தவர்கள் அவர்கள். 1793-இல் ஸ்பானிய ஆளுநர் அரிய்யாகா அதையும் தடை செய்தார். முதலில் சோற்றுக்கான வழியை அடைத்துவிட்டு, அப்புறம் சோறு போட்டோம் என்று பெருமை. 1824-இல் சாந்தா இனெஸ் மிஷனில் ஒருவரைச் சவுக்கால் அடித்ததற்கு மூன்று மிஷன்களில் கிளர்ந்து எழுந்தார்களே, நன்றி சொல்லவா எழுந்தார்கள்?

உரையில் "அழிந்துபோன இனம்" என்றும் சொன்னார்கள். 2001-இல் சூமாஷ் துடுப்பாளர்கள் தாங்கள் கட்டிய 'எலியேவுன்' என்ற தோமோலில் லிமுவுக்குத் துடுப்புப் போட்டுப் போனார்கள். சாந்தா இனெஸில் சூமாஷ் பிள்ளைகள் தங்கள் சமாலா மொழி படிக்கிறார்கள். அழிந்தவர்களா இதைச் செய்வார்கள்?

"உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம், அவர்கள் என்ன உங்கள் சொந்தமா?" என்று உள்பெட்டியில் கேட்டவருக்கு: நான் வென்ச்சுராவில் குடியிருக்கிறேன். இது ஷிஷோலோப் என்ற சூமாஷ் ஊர் இருந்த இடம். அவர்கள் மண்ணில் வீடு வாங்கிக்கொண்டு, அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லும் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார என்னால் முடியாது.