வலது மூலையில் ஒரு மூக்கு

நேத்து குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீங்க. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவோட 'ஷாயூ' ஓவியத்தைப் போட்டேன். காலை உசரத் தூக்கி ஆடுற பாரிஸ் மேடை நடனம் அது. பத்தே நிமிஷத்தில் "ரெக்கார்டு டான்ஸா?"ன்னு ஒருத்தர். அதுக்குக் கீழே முப்பது சிரிப்பு. ராத்திரிக்குள்ள அட்மின் பதிவையே தூக்கிட்டார். 'குடும்பங்கள் இருக்கிற குழு'வாம். நான் மட்டும் காட்டிலிருந்தா வந்தேன்?

படத்தைப் பாருங்கய்யா முதல்ல. ஆடுற நாலு பேரில் ரெண்டு பேர் ஆம்பளைங்க. அவங்களைப் பத்தி ஒரு கமென்ட் உண்டா? வலது கீழ்மூலையில் ஆட்டத்தைப் பார்க்கிற ஒரு ஆள் இருக்கான், பன்றி மாதிரி தூக்கின மூக்கோட, இளிச்சுக்கிட்டு. 1890ல பாரிஸில் காட்சிக்கு வெச்ச படம் இது. அடுத்த வருஷமே 31 வயசில் சூரா போய்ச் சேர்ந்துட்டார். போறதுக்கு முன்னாடி உங்களை வரைஞ்சு வெச்சுட்டுத்தான் போயிருக்கார்.

வேலைக்காக நெதர்லாந்தில் இருந்தப்போ இந்தப் படம் இருக்கிற ஓட்டர்லோங்கிற ஊருக்குப் போய் இதை நேர்ல பார்த்தேன். அருங்காட்சியகம் காட்டுக்குள்ள இருக்கு. சும்மாவே வெள்ளை சைக்கிள் தருவாங்க, பெடலைப் பின்னாடி மிதிச்சாத்தான் பிரேக். தெரியாம விழுந்து முட்டி தேய்ஞ்சு, அந்த எரிச்சலோடதான் படத்து முன்னாடி நின்னேன். கிட்டப் போனா வெறும் புள்ளி. தள்ளி நின்னா மீசை, செருப்பு ரிப்பன், உதட்டோரம் எல்லாமே மேல்நோக்கி. மேலே போற கோடு சந்தோஷம் தரும்னு கணக்குப் போட்டு வரைஞ்சவர் அவர். கணக்கு என்னமோ சரிதான், ஆனா எனக்கு அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்ட வெச்ச மாதிரி இருந்துச்சு. என் முட்டி எரியுது, அவங்க கால் இறங்கவே இல்ல. அது வேலைங்க. சம்பளத்துக்குச் சிரிக்கிற வேலை.

"கலைன்னா எதை வேணாலும் போடலாமா?" போடக்கூடாதுதான். ஆனா எதை வேணாலும் இங்க யார் போட்டா? "பசங்க பார்க்கிறாங்க." நியாயம். போன வாரம் அதே குழுவில் ஓடின பொண்டாட்டி ஜோக்கைப் பசங்க பார்க்கலையாக்கும். "மேட்டிமைத்தனம்"னு இன்னொருத்தர். சைக்கிள்ல விழுந்து எழுந்து பார்த்த படம் சார், மேட்டிமையாம்!

ஆபாசம் படத்தில் இல்ல, அந்த மூலையில் இருக்கு. நூறு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

சிரிச்ச முப்பது பேரில் ஒரு பேர் எனக்கு நல்லாத் தெரிஞ்ச பேர். என் மக அரங்கேற்றத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினவர். அடுத்த மாசம் அவளுக்கு இன்னொரு நிகழ்ச்சி இருக்கு. அழைப்பிதழ்ல அவர் பேரை எழுதிட்டு, ராத்திரி பூரா அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.