ஆமாம், நான் குவெரிதான் எழுதுகிறேன்

வெள்ளிக்கிழமை நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டேட்டாபேஸிடம் கேட்கும் குவெரியை ஓஆர்எம்மிடம் (குவெரியைத் தானே எழுதிக்கொள்ளும் கருவி) விடாமல் நான் எஸ்க்யூஎல்லில் (டேட்டாபேஸ் மொழி) கையால் எழுதினேன், அது குழுவில் ஒரு தம்பிக்குப் பிடிக்கவில்லை. முழுக்கதையை முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. "சார், இது 2005 கோடு மாதிரி இருக்கு" என்று என் புல் ரிக்வெஸ்டில் (எழுதிய புரோகிராமைச் சேர்க்கும் முன் மற்றவர்கள் பார்க்கக் கொடுப்பது) எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை. அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள்.

சரி, 2005 என்றே வைத்துக்கொள்வோம். தம்பி தலையில் தூக்கி வைத்து ஆடுகிற, ஓஆர்எம்மோடு வரும் ஜாங்கோ என்கிற வெப் ஃபிரேம்வொர்க் வெளிவந்ததும் அதே 2005-ல்தான். ஜாவாக்காரர்களின் ஓஆர்எம்மான ஹைபர்னேட் அதற்கும் முந்தி, 2001. பழசாக இருப்பது குற்றம் என்றால் எல்லோரும் சேர்ந்தே கூண்டில் ஏறுவோம்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். டேட்டாபேஸுக்கு என்ன குவெரி போகிறது என்று கோடு எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தகராறான அந்தப் பக்கத்தில் 200 ஆர்டர் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயர் வேண்டும். ஓஆர்எம்மில் ஒரு லூப், உள்ளே 'ஆர்டர்.வாடிக்கையாளர்' என்று ஒரு புள்ளி வைத்தால் பெயர் வந்துவிடும். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் புள்ளி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குவெரி. பட்டியலுக்கு 1, பெயர்களுக்கு 200, மொத்தம் 201. உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று மளிகைக் கடைக்கு 200 தடவை போய் வருகிற கதை. நான் எழுதியது ஒரு ஜாயின், இரண்டு டேபிளையும் சேர்த்தே கேட்பது. ஒரே குவெரி.

"செலக்ட் ரிலேட்டட் போட்டால் ஓஆர்எம்மே ஜாயின் போட்டுக்கொள்ளும், சரியாகிவிடுமே" என்று கிளம்பி வருவீர்கள். ஆகும். அதை எங்கே போட வேண்டும் என்று தெரிய, அடியில் ஓடுகிற எஸ்க்யூஎல் தெரிய வேண்டும். அது தெரிந்தவன் அதையே நேராக எழுதினால் மட்டும் கிழவனா?

இன்ஜெக்‌ஷன் (பயனர் தட்டுகிற இடத்தில் திருட்டுக் குவெரியை நுழைப்பது) என்று பயம் காட்டுகிறீர்கள். பயனர் தட்டியதை அப்படியே குவெரியில் ஒட்டுகிறவனுக்கு அந்தப் பயம் இருக்கட்டும். நான் எல்லா மதிப்பையும் குவெரியில் ஒட்டாமல் தனியாக, பாராமீட்டராகத்தான் அனுப்பியிருக்கிறேன். படித்திருந்தால் தெரிந்திருக்கும். படித்தால்தானே.

நாளைக்கு டேட்டாபேஸை மாற்றினால் ஓஆர்எம்தானே காப்பாற்றும் என்பீர்கள். 17 வருஷத்தில் ஒரே ஒரு தடவை மாற்றினோம், மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரஸுக்கு. ஓஆர்எம் இருந்தது, இருந்தும் லாகின் உடைந்தது. மைஎஸ்க்யூஎல் வழக்கமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பேதம் பார்க்காமல் ஒப்பிடும், போஸ்ட்கிரஸ் பார்க்கும். இமெயிலைப் பெரிய எழுத்தில் தட்டுகிறவர்கள் எல்லாம் வெளியே நின்றார்கள்.

பத்து ஃபில்டர் உள்ள தேடல் பக்கத்தைக் கையால் எழுதினால் குப்பையாகும் என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதை இன்னொரு நாள் பேசுவோம். மைக்ரேஷனுக்கும் (டேபிள் அமைப்பை மாற்றுவது) அட்மின் பக்கத்துக்கும் நானும் ஓஆர்எம்தான் வைத்திருக்கிறேன், ஆனால் இதை யாரும் காதில் வாங்குவதில்லை.

முதல் வேலையில் எனக்கு ஒரு அக்கா சீனியர். குவெரியைத் தனியாக ஓட்டிக் காட்டாமல் கோடுக்குள் வைக்க விடமாட்டார். குவெரி எப்படி ஓடும் என்று காட்டுகிற எக்ஸ்ப்ளெயின் போடச் சொல்லி, "டேபிள் முழுக்கப் படிக்குது பாரு, இண்டெக்ஸ் எங்கடா?" என்பார். எரிச்சலாக இருக்கும். இன்று அப்படிக் கேட்டால் ஹெச்ஆர் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. அந்த எரிச்சலில்தான் நான் தொழில் கற்றேன்.

அப்புறம், போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி ரிப்போர்ட் பக்கம் தொங்கியபோது போன் யாருக்கு வந்தது? நான் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தேன். மடியில் லேப்டாப், போனிலிருந்து நெட். யாரோ மொத்த வரிகளையும் மெமரிக்கு இழுத்துவந்து லூப்பில் கூட்டிக்கொண்டிருந்தார்கள். டேட்டாபேஸுக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொள்ளும் விண்டோ ஃபங்ஷன் வைத்து ஒரு குவெரி எழுதினேன், திண்டிவனம் தாண்டுவதற்குள் பக்கம் எழுந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் தூக்கம் கெட்டதற்கு என்னைத் திட்டியது தனி.

அன்றைக்கு "சார், நீங்க தெய்வம்" என்று குரூப்பில் போட்டதும் இதே தம்பிதான். அந்தக் குவெரியும் 2005 மாதிரிதான் இருந்தது, தம்பி.

புல் ரிக்வெஸ்ட் இன்னும் அப்படியே கிடக்கிறது. இப்போதுதான் பார்த்தேன், அந்தச் சிரிக்கிற பொம்மையை மட்டும் எடுத்திருக்கிறார்.