வாணி விழாவுக்கு வைத்த பொட்டு

வாணி விழா அன்று கந்தோரில் கணினி, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்த புண்ணியவான் யாரோ, கைரேகை மெசினுக்கும் வைத்துவிட்டார். அதுவும் விரல் வைக்கிற கண்ணாடியிலேயே. அன்றிலிருந்து அது என்னை ஆளென்றே மதிப்பதில்லை.

கல்லடிப் பாலத்தில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து 8.25க்கே வந்து நிற்கிறேன். விரலைத் துடைத்து, ஊதி, சேர்ட்டில் தேய்த்து வைத்தால், "பிளீஸ் ட்ரை அகெய்ன்" என்கிறது. பெண் குரல், கோபப்படவும் முடியவில்லை. ஏழாவது தடவை ஏற்றுக்கொள்ளும்போது மணி 8.31. பிந்தி வந்தவன் நான்!

சுரண்டிவிடலாம் என்றால் பக்கத்து மேசை அக்கா விடமாட்டார். சாமிக் குற்றமாம். "திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் ராகுகாலம் தம்பி, மெசின் என்ன செய்யும்?"

சரி அக்கா, செவ்வாய்க்கிழமை ராகுகாலம் பின்னேரம் 3 மணிக்குத்தானே?