சக்கர நாற்காலிக்குத் தனிக் கட்டணமா? உண்மை என்ன?

"சக்கர நாற்காலியில் வருபவரை ஏற்ற டாக்ஸி ஓட்டுநர் கூடுதல் பணம் கேட்கலாம்; உள்ளாட்சி மன்றம் அனுமதித்திருக்கிறது" என்றொரு செய்தி பிரித்தானியாவில் பகிரப்படுகிறது. இது முழுப் பொய்.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமே இதைத் தடுக்கிறது. மன்றம் நினைத்தாலும் அனுமதிக்க முடியாது. 2022 ஜூன் 28 முதல், கூடுதல் கட்டணம் கேட்கக்கூடாது என்ற இந்தக் கடமை எல்லா டாக்ஸி ஓட்டுநர்களுக்கும், முன்பதிவு செய்யும் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் விரிந்துவிட்டது. மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

மீட்டரையும் கவனியுங்கள். ஓட்டுநர் சாய்தளத்தை விரித்து, நாற்காலியை உள்ளே தள்ளி, பட்டைகளை இறுக்கிப் பூட்டும்வரை அது ஓடக்கூடாது என்பது அரசின் வழிகாட்டுதல். அந்தச் சில நிமிடங்களுக்குப் பயணி காசு கொடுப்பது அநியாயம் அல்லவா?

பொய்க்கு வித்திட்டது விலக்குச் சான்றிதழாக இருக்கலாம். முதுகுவலி போன்ற உடல்நலக் காரணம் உள்ள ஓட்டுநருக்கு, உரிமம் வழங்கும் மன்றம் (லண்டனில் போக்குவரத்து ஆணையம்) அதைத் தருகிறது. அது ஏற்றி இறக்கும் உதவியிலிருந்து மட்டுமே விலக்கு. கூடுதல் கட்டணத்துக்கான அனுமதிச் சீட்டு அல்ல. யாராவது கேட்டால், வண்டியின் உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு மன்றத்தின் உரிமப் பிரிவில் புகார் கொடுங்கள்.