டிலேஜாப் போட்டாலும் திரை வராது
ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினியில் ஆர்பிஜி மொழியில் புரோகிராம் எழுதுபவர்களுக்கு, "ரைட் (திரைக்கு எழுதும் கட்டளை) கொடுத்தும் 'பொறுக்கவும்' திரை வரவில்லையென்றால் டிலேஜாப்பில் (ஜாப்பைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் கட்டளை) 2 விநாடி போடுங்கள்" என்று சொல்வது தவறு. ஏஎஸ்/400 டிஸ்பிளே ஃபைலில் (திரையின் அமைப்பை வைத்திருக்கும் ஃபைல்) டிஎஃப்ஆர்டபிள்யூஆர்டி, அதாவது எழுதியதை உடனே அனுப்பாமல் தள்ளிவைக்கும் அமைப்பு, இயல்பாகவே *யெஸ். ஆர்பிஜி ரைட் செய்தது, அடுத்த ரீட் அல்லது எக்ஸ்எஃப்எம்டி (எழுதுவதையும் படிப்பதையும் சேர்த்துச் செய்யும் கட்டளை) வரும்வரை பஃபரிலேயே கிடக்கும். 20 விநாடி கொடுத்தாலும் வராது, ஜாப்தான் இழுக்கும்.

'பொறுக்கவும்' திரைக்கான அந்த ஒரு ரெக்கார்ட் ஃபார்மட்டுக்கு மட்டும் டிடிஎஸ்ஸில் (டிஸ்பிளே ஃபைலின் சோர்ஸ்) எஃப்ஆர்சிடிடிஏ என்ற கீவேர்டைச் சேர்த்து ஃபைலைக் கம்பைல் செய்யுங்கள். ரைட் ஆனதும் திரைக்குப் போய்விடும். சோர்ஸ் கையில் இல்லையா? சிஎச்ஜிடிஎஸ்பிஎஃப் (டிஸ்பிளே ஃபைலின் அமைப்பை மாற்றும் கட்டளை) கொடுத்து டிஎஃப்ஆர்டபிள்யூஆர்டியை *நோ ஆக்கலாம். ஆனால் தலைப்பு, ஃபுட்டர், சப்ஃபைல் கன்ட்ரோல் (திரையில் வரும் பட்டியலை இயக்கும் பகுதி) எல்லாம் தனித்தனியாகப் போய்த் திரை துடிக்கும். போதாக்குறைக்கு, வேறு யாராவது டிஎஃப்ஆர்டபிள்யூஆர்டி குறிப்பிடாமல் அந்த ஃபைலை மறுபடி கம்பைல் செய்தால் *யெஸ்ஸுக்கே திரும்பிவிடும்.