பயப்படுகிற நாளில்

வடகிழக்குப் பருவமழை வலுத்து, நீலகிரிக்கு ரெட் அலர்ட் என்று அறிவிப்பு வந்ததும் எங்கள் கோத்தகிரிப் பக்கத்துச் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகையான செய்திகள் ஓடத் தொடங்கிவிடும். எந்தச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது, நாளைக்குப் பள்ளி உண்டா என்பது ஒரு வகை. பூப்படத்தின்மேல் எழுதிய வசனமும் அதன் கீழே ஓர் அறிவுரையும் இன்னொரு வகை. அந்த அறிவுரை பெரும்பாலும் ஒன்றேதான்: பயம் அவிசுவாசத்தின் அடையாளம், உண்மையான விசுவாசி கலங்கமாட்டான். முதல் வகைச் செய்தியால் எல்லோருக்கும் பயன் உண்டு. இரண்டாவது வகை, கலங்கி நிற்கிறவரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறது என்பதும், வேதாகமமே அதற்கு எதிராகச் சாட்சி சொல்லுகிறது என்பதும் என் கருத்து. அதைச் சற்று விரிவாகச் சொல்லவே இந்தப் பதிவு.

இந்த மலையில் கலங்குவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்ததை இன்றும் எங்கள் பெரியவர்கள் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போதெல்லாம் கைநீட்டிக் காட்டுவார்கள். 2009 நவம்பரில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போனபோது, கூடலூர்க்காரர்களுக்கு அது பக்கத்து மாநிலத்துச் செய்தியாகப் படவில்லை, சொந்தக்காரர் வீட்டுத் துக்கமாகவே இருந்தது. பச்சைத் தேயிலை விலை, குழுக்கடன் தவணை, விடியற்காலையில் தோட்டத்துக்குள் நிற்கும் காட்டுமாடு, கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிள்ளையிடமிருந்து வராத போன் என்று மற்றவையெல்லாம் மழை இல்லாத மாதங்களுக்கும் சேர்த்தே இருக்கின்றன.

என் அத்தை, அப்பாவின் அக்கா, தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்; கணவரை இழந்தவர்; சரிவில் கட்டிய இரண்டறை வீட்டில் தனியாக இருக்கிறார். 2009 மழையில் பக்கத்து வீட்டின் பின்சுவர் நடுராத்திரியில் விழுந்த சத்தத்தைக் கேட்டதிலிருந்து, தகரக் கூரையில் மழை கனத்து அடிக்கத் தொடங்கினாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு முட்டும். கதவருகே ஸ்டூலைப் போட்டு, மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பையை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். பைக்குள் ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், வீட்டு வரி ரசீது, மாமாவின் இறப்புச் சான்றிதழ், பிரஷர் மாத்திரை, மூக்குக் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் உறையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட வேதாகமம். வெளியூரிலிருந்து ஜெபக்கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் ஊழியக்காரர் இதைக் கேள்விப்பட்டு, "விசுவாசம் இருந்தால் இந்தப் பை எதற்கு அம்மா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அத்தை அன்றிரவே பையைப் பிரித்துச் சாமான்களை அலமாரியில் வைத்தார். அடுத்த மழைக்கு, பயத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது. மழை வருவதற்கு முன்பே நோவாவைப் பேழை கட்டச் சொன்னவர் தேவன்தான் என்பதை அந்த ஊழியக்காரருக்கு எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

"நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது வேதாகமத்தின் பாடல் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தில் 56-ஆம் சங்கீதம். பயப்படுகிற நாள் ஒன்று தனக்கு உண்டு என்பதைச் சங்கீதக்காரன் மறைக்கவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே மனிதனுக்குள், ஒரே நாளில், ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடுமாகவே இருப்பதை, ஸ்தோத்திர சங்கீதங்களையே திரும்பத் திரும்ப வாசிக்கும் நாம் கவனிப்பதில்லை. 88-ஆம் சங்கீதம் கடைசி வரியிலும்கூட வெளிச்சத்துக்கு வருவதில்லை. தோழர்கள் விலகிப்போனார்கள் என்ற இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஒரு நல்ல வார்த்தையைக் கடைசியில் சேர்த்துச் சரிசெய்துவிடவில்லை. இராகத்தலைவனிடத்தில் ஒப்புவிக்கப்பட்ட பாட்டு என்ற தலைப்போடு, சபை கூடிப் பாடுவதற்கென்றே வைத்தார்கள். நம் சாட்சி நேரத்திலோ வேலை கிடைத்தவர், கட்டி கரைந்தவர், கடன் அடைந்தவர் ஆகியோருக்கு மட்டுமே எழுந்து நிற்க இடம் இருக்கிறது. வேலை இன்னும் கிடைக்காதவர், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவர், கடன்காரருக்குப் பயந்து போனை அணைத்து வைத்திருப்பவர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து "ஆமென்" சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

கலக்கம் அவிசுவாசம் என்றால், சிலுவைக்கு முந்தைய இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை நாம் என்ன செய்வது? "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொன்னவர் சாதாரண விசுவாசி அல்ல. அவர் மூன்று சீஷரைக் கூப்பிட்டுத் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார், அவர்கள் தூங்கிவிட்டார்கள். இராத்திரியில் தனியாக, வியர்த்து, வேறு வழி உண்டா என்று பிதாவிடம் மன்றாடிய ஒருவரைத்தான் நாங்கள் ஆண்டவர் என்று அழைக்கிறோம். எத்தனையோ சந்தேகங்களுக்கு நடுவிலும் நான் இந்த விசுவாசத்தை விடாமல் இருப்பதற்குக் காரணம் இந்த ஒரு காட்சிதான் என்று தயங்காமல் சொல்வேன். மழைச் சத்தத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஒரு பெண்மணிக்கு, பயம் என்றால் என்னவென்று உடம்பால் அறிந்த ஓர் ஆண்டவர் இருக்கிறார் என்பது, பயமே அறியாத ஒரு தெய்வம் இருக்கிறது என்பதைவிட மிகப் பெரிய ஆறுதல்.

கடலில் புயல் அடித்தபோது "ஏன் பயப்பட்டீர்கள்" என்று சீஷர்களை இயேசு கடிந்துகொள்ளவில்லையா என்று கேட்பார்கள். கேட்டார், உண்மைதான். ஆனால் மாற்கு எழுதியிருப்பதை நிதானமாக வாசித்தால், நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா என்ற மரியாதை குறைந்த கூப்பாட்டுக்கு அவர் முதலில் காற்றை அடக்குகிறார். கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. மத்தேயுவில் கேள்விதான் முதலில் வருகிறது என்று நம் வேதபாட ஆசிரியர்களில் யாராவது பின்னூட்டத்தில் எழுதுவார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு சுவிசேஷங்களிலும் பயந்தவர்களில் ஒருவரையும் அவர் படகிலிருந்து இறக்கிவிடவில்லை.

புத்தாண்டு ஆராதனையில் அந்த வருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனமாக நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம், சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனம், யாருக்காவது வந்தே தீரும். அந்த வருடமே எல்லாம் நல்லபடி ஆகிவிடும் என்று அவர் எண்ணிக்கொள்வார். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தைய வசனத்திலேயே, திரும்பி வர எழுபது வருடம் ஆகும் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அட்டையில் அதற்கு இடம் இல்லை.

எங்கள் தாத்தா, பாட்டி இலங்கையின் மலைத்தோட்டத்திலிருந்து வந்தவர்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பிறகு இந்த மலைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களைப் போன்றவர்களுக்காகவே 1968-இல் தமிழக அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. எந்த ஊரில் இறங்கப் போகிறோம், எப்படிப் பிழைக்கப் போகிறோம் என்று ஒன்றும் தெரியாமல் கைக்குழந்தையோடு வந்தவர்களின் கலக்கத்தோடு ஒப்பிட்டால் என் கவலைகள் சிறியவை. தாத்தாவின் வேதாகமத்தில் அந்த எரேமியா அதிகாரத்தில் 11-ஆம் வசனத்தின் கீழே கோடு இல்லை. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்ற ஐந்தாம் வசனத்தின் கீழேதான் நீல மையால் கோடு போட்டிருக்கிறார். (நாட்டிய தோட்டத்தின் கனியை அவர்கள் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பது வேறொரு பதிவுக்கு உரியது.) அவருக்கு விசுவாசம் என்பது, கலக்கம் தீர்ந்த பிறகு வாழத் தொடங்குவதாக இருக்கவில்லை. கலக்கம் இருக்கும்போதே காலையில் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு போவதற்கு அது போதுமானதாக இருந்தது.

ஆறுதல் எப்படி வருகிறது என்று கேட்டால் நான் அப்போஸ்தலனாகிய பவுலைத்தான் காட்டுவேன். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், புறம்பே போராட்டங்களும் உள்ளே பயங்களும் இருந்தன என்று அவரே ஒளிக்காமல் எழுதுகிறார். அடுத்த வசனத்தில் ஒரு தரிசனமோ, வானத்திலிருந்து ஒரு சத்தமோ வரவில்லை. தன் உடன் ஊழியனான தீத்து வந்ததினாலே தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்கிறார். ஓர் ஆள் நடந்து வந்து சேர்ந்தான், அவ்வளவுதான். அதைத் தேவன் செய்த ஆறுதல் என்றே பவுல் கணக்கு வைக்கிறார். எங்கள் அத்தைக்கு வந்த தீத்து எதிர்வீட்டு அக்கா. மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர். மழை கனத்தால் குடையைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்கில் வரட்டீயும் கையில் இரண்டு வர்க்கியுமாக வந்து, "கதவைத் திறங்கம்மா, எனக்கும் தூக்கம் வரல" என்று பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். தேவன் யாரை அனுப்புவார் என்பதை நம் சபைப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

மருத்துவத்தையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். படபடப்பு மழை இல்லாத இரவுகளிலும் வரத் தொடங்கியபோது அத்தையை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆயரிடம், "இதைப் போட்டா ஜெபத்தை நம்பலைன்னு ஆகிடுமா ஐயா?" என்று கேட்டார். "பிரஷர் மாத்திரை போடும்போது என்கிட்ட கேட்டீங்களாம்மா?" என்று அவர் சிரித்தார், இத்தனை வருடத்தில் நான் கேட்ட மிகச் சுருக்கமான, மிக நல்ல பிரசங்கம் அது. வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணி வளர்ந்து, பாகாயத்தில் மனநலத்துக்கென்றே தனி மையம் நடத்தி வருகிறது என்பதை, மாத்திரையை அவிசுவாசம் என்கிறவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். கர்மேல் மலையில் ஜெபித்து வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய எலியா தீர்க்கதரிசி, அதற்கு அடுத்த அதிகாரத்தில் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் அவருக்குப் போதனை செய்யவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான்; மறுபடியும் தூங்கவிட்டான்; மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூக்கம் வராமல் தவிக்கும் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கியது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். ஜெபித்துவிட்டுக் கூப்பிடுங்கள், அல்லது கூப்பிட்டுவிட்டு ஜெபியுங்கள்.

ஜெபித்தால் மலை சரியாது என்று நான் சொல்ல மாட்டேன். 2009-இல் இறந்தவர்களிலும் அன்றிரவு ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள். பொக்லைன் வைத்துச் சரிவைக் குடைந்து, ஜெபத்தோடு அடிக்கல் நாட்டி விடுதி கட்டிவிட்டு, மழைக்காலத்தில் பாதுகாப்புக்காக உபவாசம் இருப்பதை என்னால் ஜெபம் என்று ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. இப்படி இருக்க, விசுவாசம் என்னதான் தருகிறது என்று அத்தையிடமே கேட்டேன். "மழையை நிறுத்துவார்னு நான் கேக்கறதில்லப்பா. ராத்திரியில முழிச்சிருக்கறது நான் மட்டும் இல்லைன்னு தெரியுது, அது போதும்" என்றார். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்ற 121-ஆம் சங்கீதத்தை அவர் அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறார். பை இப்போது மறுபடியும் கதவருகே ஆணியில் தொங்குகிறது. அதைக் குறித்து அவருக்கு இப்போது வெட்கம் இல்லை.

எங்கள் சபைக் கமிட்டியிடம் மூன்று காரியங்களைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஆராதனையில் ஒரு புலம்பல் சங்கீதத்தை, நல்ல வரிகளை மட்டும் பொறுக்காமல், முழுவதுமாக வாசிக்க வேண்டும். சாட்சி நேரத்தில், இன்னும் பதில் கிடைக்காதவர்களும் எழுந்து நின்று பேசலாம் என்று ஆயர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எச்சரிக்கை விடுத்த இரவுகளில், சரிவில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக்கு இரண்டிரண்டு பேராகப் போய்த் தங்க ஒரு பட்டியல் போட வேண்டும். முதல் இரண்டையும், கிறிஸ்துமஸ் கீதபவனி முடியட்டும், பண்டிகை நேரத்தில் 88-ஆம் சங்கீதம் வேண்டாமே என்று ஜனவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஜனவரியில் மறுபடியும் கேட்பேன். மூன்றாவதற்கு இளைஞர் ஐக்கியத்தார் பெயர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். டார்ச்சும் மழைக்கோட்டும் வைத்திருக்கிற மற்றவர்களும், எந்தச் சபையைச் சேர்ந்தவர்களானாலும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலரைப் பார்க்கலாம்.