எத்தனை ஹெக்டேர் என்பது பாதிக் கணக்குதான்

புதுச் சரணாலயம் அறிவித்ததும் எல்லோரும் பரப்பளவைத்தான் பகிர்கிறார்கள். வரைபடத்தைக் கேட்பவர் அரிது. எனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

காட்டோரத்திலிருந்து 100 மீட்டர் உள்ளே வரை வெயிலும் வறண்ட காற்றும் புகும் என்று வைத்துக்கொள்வோம். 1 கி.மீ. பக்கமுள்ள சதுரக் காடு, அதாவது 100 ஹெக்டேர். அதில் தொந்தரவில்லாத உள்காடு 64 ஹெக்டேர்தான். அதையே நான்கு சதுரத் துண்டுகளாகப் பிரித்து வைத்தால் மொத்தம் 36. 5 கி.மீ. நீளம், 200 மீட்டர் அகலமுள்ள பட்டையாக இழுத்தால் பூஜ்யம். அறிவிப்பில் மூன்றுமே 100 ஹெக்டேர்!

அந்தச் சதுரத்தின் நடுவே 10 மீட்டர் அகலத்தில் சாலை போடட்டும். "1 ஹெக்டேர்தானே போகுது" என்பார்கள். சாலையின் இருபுறமும் புது ஓரம் முளைப்பதால் உள்காடு 64இலிருந்து 47க்கு இறங்கிவிடும்.

100 மீட்டரே தாராளக் கணக்குதான். பிரேசிலில் மனாவுஸ் நகருக்கு அருகே 1979இல் தொடங்கிய ஆய்வில், 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளாக நின்ற மழைக்காட்டைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். ஓரத்திலிருந்து 300 மீட்டருக்குள் நின்ற பெருமரங்கள் உள்காட்டு மரங்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் செத்தன. காற்று நேராக மோதுகிறது, ஈரம் குறைகிறது, வெயில் கண்ட கொடிகள் மரத்தின் மேல் ஏறுகின்றன. ஒரு மரம் சாய்ந்தால் அந்த இடைவெளி வழியே இன்னும் வெயில். நம் சதுரத்தில் 300 மீட்டர் கழித்தால் மிச்சம் 16 ஹெக்டேர்.

ஊனுண்ணிகளுக்கு ஓரம் என்றால் மனிதர்கள். 1998இல் சூழலியலாளர்கள் ரோசி உட்ராஃபும் ஜோஷுவா கின்ஸ்பெர்க்கும் காட்டியது இது: சிறிய காப்பகங்களில் முதலில் காணாமல் போவது பரந்து திரியும் இனங்கள்; எண்ணிக்கை அதிகமாக இருந்தாலும் தப்புவதில்லை. எல்லை தாண்டிப் போய்ச் சாகின்றன.

காப்பகம் 'பெரிதாக, வட்டமாக' இருக்க வேண்டும் என்று 1975இல் சூழலியலாளர் ஜாரெட் டயமண்ட் சொன்னதை மறுத்து, பல சிறு காப்பகங்களும் உதவலாம் என்று அடுத்த ஆண்டே சிம்பர்லாஃபும் ஏபெலும் எழுதினார்கள். அதிலும் நியாயம் உண்டு. பாறைக்குன்றுச் செடிக்கும் சிறு குட்டைத் தவளைக்கும் பல சிறு துண்டுகள் போதும். நோயோ தீயோ வந்தாலும் எல்லாம் ஒரே அடியில் போகாது. ஆனால் அந்த வாதத்தைப் புலிக்கு நீட்டுவது அநியாயம்.

உள்காடு எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம், கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் இலவசம். சரணாலயத்தின் எல்லைக் கோப்பை முதலில் மீட்டர் அளவுள்ள யுடிஎம் (UTM) ஆயமுறைக்கு மாற்றுங்கள். டிகிரியில் விட்டால் கணக்கு தப்பும். சாலை, குடியிருப்பு, மின்கம்பிப் பாதையை வெட்டி எடுத்த பிறகே, எல்லையை உள்நோக்கிச் சுருக்க பஃபர் (Buffer) கருவியில் -100, -300 கொடுங்கள். வெட்டாமல் வெளி எல்லையை மட்டும் சுருக்குவதுதான் பலர் செய்யும் தப்பு. இன்னொரு காட்டோடு ஒட்டிய பக்கத்தைச் சுருக்க வேண்டாம், அங்கே ஓரமே இல்லை.